ரயில் நேரத்துக்கு வந்த குற்றம்

சந்தேஹள்ளி,
ஆவணி, 1998

மல்லேஸ்வரம் ஸ்ரீமான் கஸ்தூரிரங்கன் ஸ்வாமிக்கு, சேஷகிரி தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வந்த கோபமும் இதற்குள் தணிந்து, அங்கேயும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என் பெண் பார்கவியைப் பார்க்க நீங்கள் குடும்பத்தோடு வந்தபோது, "ஸ்டேஷனை விட்டு ஓரடி எடுத்து வைக்க வேண்டாம், நானே வந்து அழைத்துப் போகிறேன்" என்று எழுதிவிட்டு நான் வராமல் போனது வாஸ்தவம். ஆனால் தப்பு என்னுடையது அல்ல, ரயிலுடையது. எங்கள் ஸ்டேஷன் மகாராஜா காலத்துக் கருங்கல் கட்டடம், இன்றைக்கும் நாலு ஊர் ஜனம் ஏறி இறங்கும் இடம், அங்கே உங்கள் பாசஞ்சர் வண்டி நானறிந்து ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை, அதை நம்பித்தான் இந்த ஊரே நடக்கிறது, வண்டி வரவேண்டிய நேரத்துக்குத்தான் நாங்கள் குளிக்கவே போவோம். அன்றும் விசில் கேட்டு என் சம்சாரம் அலர்மேல்மங்கை, "வண்டி வந்துடுத்து போலிருக்கே" என்றாள். "அது கூட்ஸ், நீ சொஜ்ஜியைக் கிளறு" என்று சொல்லிவிட்டு, நிதானமாக ஜரிகை வேஷ்டி கட்டி மாலையோடு போனால், நீங்கள் கோபித்துக்கொண்டு ஊர் திரும்ப ஏறிய எதிர்வண்டியின் கடைசிப் பெட்டிதான் தெரிகிறது. அதுவும் நேரத்துக்கே கிளம்பியிருக்கிறது பாருங்கள். பெஞ்சில் உங்கள் பிள்ளை ப்ரஹ்லாதன் மறந்துவிட்டுப் போன குடை மட்டும் இருந்தது.

விடுவேனா? ஸ்டேஷன் மாஸ்டர் சின்னப்பாவைப் பிடித்துக் கேட்டேன். "லேட்டா வந்தா மாப்பு கேக்கலாம் ஸ்வாமி. டைமுக்கு வந்ததுக்கு என்னான்னு மாப்பு கேக்கறது?" என்கிறார். இப்படிப் பொறுப்பில்லாமல் பேசினால் ரயில்வே எப்படி உருப்படும்?

அன்று பார்கவி பட்டுப்புடவையை மாற்றாமலே உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வரன் கை நழுவினால் அலர்மேல்மங்கை என்னை வீட்டில் சேர்க்க மாட்டாள். ஆகவே அடுத்த ஞாயிறு மறுபடி பெண் பார்க்க வாருங்கள். அதே ரயிலில்தான் வரவேண்டும், எங்கள் ஸ்டேஷன் யாரையும் கைவிட்டதில்லை. விடியும்போதே பிளாட்பாரத்தில் குடையோடு நிற்பேன். அகத்தில் மாமிக்கு நமஸ்காரம், பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சேஷகிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது குடையைத் தேடினேன், காணோம். திங்கட்கிழமை மழைக்கு அதைப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய பார்கவி, ஸ்டேஷனில் அதையே தேடி வந்த உங்கள் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாளாம். குடை கிடைத்த பிறகும் அவர் தினமும் ஸ்டேஷனுக்கு வருகிறாராம். ஆகவே பெண் பார்க்க வர வேண்டாம், நிச்சயம் பண்ணவே வாருங்கள். ஆனால் பஸ்ஸில் வாருங்கள். ரயில் பழையபடி தாமதமாக ஓட ஆரம்பித்துவிட்டது என்கிறார் சின்னப்பா. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் அதில் ஆட்சேபணை இல்லையாம்.