முன்வரிசைச் சோபாக்களின் கலைச்சேவை

கலையை எங்கள் பல்கலைக்கழகத்தைப் போலப் போற்றும் இடம் இந்தப் பூமியில் வேறு கிடையாது. மற்ற ஊர்களில் கலையைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் கௌரவிக்கிறோம். எகிப்தில் நைல் கடலோடு கலக்கும் பக்கத்தில் எங்கள் வளாகம். அதில் மாணவர் நலத் துறையின் கலைப்பிரிவுக்கு நான்தான் தலைவன். பெயர் ஃபத்ஹல்லா. கலைக்காக நான் செய்த தியாகங்களை நானே சொல்லிக்கொள்வது முறையல்ல என்பதால் மேலே போகிறேன்.

இந்த ஆண்டு வசந்த விழாவுக்கு ஒரு நாடகம் ஏற்பாடாகியிருந்தது. அழைப்பிதழில் புரவலர், இணைப் புரவலர், சிறப்பு விருந்தினர்கள் எல்லோருடைய பெயரும் தங்க எழுத்தில் மின்னின. நாடகத்தின் பெயருக்கு மட்டும் அட்டையில் இடம் போதவில்லை.

விழாவன்று காலையில் நாடகத்தின் நாயகி நிஹால் என் அறைக்கு வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவனின் தாயாக நடிக்க இருந்தாள்.

"உஸ்தாத், இன்னிக்கு எங்க பாபா வர்றாரு." பாபா என்றால் அவள் அப்பா.

"வரட்டுமே. கலைக்கு எல்லாரும் வேணும்."

"அப்படியில்ல உஸ்தாத். நாலு பேர் முன்னாடி பொண்ணு மேடையேறி நடிக்கிறதாவதுன்னு ஒரு வருஷமா சண்டை. கடைசில, ஒரு தடவை வந்து பாக்கறேன், பார்த்துட்டுச் சொல்றேன்னாரு. வேணாம்னுட்டா அதோட சரி. அவர் முழுசா பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"கவலையே படாதே மகளே. பாக்கறதுக்குத்தானே விழா நடத்துறோம்" என்றேன். எவ்வளவு கூசாமல் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கிறது.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நிரப்புவது என் தனிக்கலை. வேளாண் பிரிவுக்கு உரம் பற்றிய வகுப்பை ரத்து செய்து, பிள்ளைகளை அப்படியே அரங்கத்துக்குள் ஓட்டி வந்து, வெளிக்கதவைச் சாத்திவிட்டோம். கதவு சாத்தியிருந்தால் 'கலையார்வம்' தானாகவே பொங்கும்.

முன்வரிசையில் பொன்முலாம் பூசிய சோபாக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில், காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அவற்றில் உட்காருகிறவர்களுக்குப் பெயர் தேவையில்லை. உட்கார்ந்திருப்பதே பதவி.

பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் ராஃபத் வராமல் திரை தூக்கக் கூடாது என்பது மரபு. அவர் வந்து சேர்வதற்குள் வேளாண் பிள்ளைகளில் பாதிப் பேர் குறட்டைவிட்டார்கள். வந்ததும் தேசிய கீதம், பிறகு பேச்சு. கலை என்பது நாகரிகத்தின் முதுகெலும்பு என்று தலைவர் பேசினார். இணைப் புரவலர் அந்த முதுகெலும்புக்கு நன்றி சொன்னார். பிறகு கேடயம் வழங்கும் படலம். தலைவர் இணைப் புரவலருக்கு ஒன்று கொடுத்தார், இணைப் புரவலர் தலைவருக்கு ஒன்று கொடுத்தார். கடைசியில் வெல்வெட் பெட்டியோடு ஒரு கேடயம் மிஞ்சிவிட்டது.

தலைவரின் செயலாளர் மேடம் இஜ்லால் என் காதைக் கடித்தார். "அந்த ஓரத்துச் சோபால உக்காந்திருக்காரே, அவர் யாரு?"

பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டு, அடர்ந்த மீசை. குனிந்து சோபாவின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மேடம். ஆனா சோபால உக்காந்திருக்காரு."

"அப்ப பெரிய ஆளாத்தான் இருக்கணும். அமைச்சகத்துலேர்ந்து சொல்லாம வந்திருப்பாரு. கூப்பிடுங்க."

'கலைகளின் பெருந்துணைவர்' என்று நானே ஒலிபெருக்கியில் அழைத்தேன். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு பேர் கையைப் பிடித்து மேடையேற்றினார்கள்.

"ஐயா, நான் தமியாத் ஊர்ல சோபா செய்யறவன். இது எங்க பட்டறை வேலை மாதிரி இருந்துச்சு, அதான் உக்காந்து பார்த்தேன். என் பேரு அப்துல் தவ்வாப். நாடகம் பாக்க வந்தேன், என் பொண்ணு..."

"பாத்தீங்களா, என்ன ஒரு அடக்கம்" என்று தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். கைதட்டலில் மிச்சப் பேச்சு கரைந்துபோனது. எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கொடுத்த கேடயத்தைத் திருப்பி வாங்க எங்கள் விதிகளில் இடமில்லை.

திரை விலகியது. கறுப்புத் துணி போர்த்திய நிஹால் கடலைப் பார்த்தபடி நின்றாள். முதல் வசனத்துக்கு வாய் திறந்தாள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

தலைவர் எழுந்தால் சோபா வரிசை எழ வேண்டும். சோபா வரிசை எழுந்தால் பேராசிரியர்கள் எழ வேண்டும். கதவு திறந்தது. வேளாண் பிரிவின் 'கலையார்வம்' தேங்காய் உடைந்தாற்போல நாலாபக்கமும் சிதறியது.

"ஹாஜி, வாங்க. பொரிச்ச புறா ஆறிடும்" என்று தலைவர் அப்துல் தவ்வாபின் தோளில் கைபோட்டார்.

"ஐயா, என் பொண்ணு இப்பத்தான் பேச ஆரம்பிச்சா. நான் இருந்து..."

"அதெல்லாம் வீடியோல வரும்."

வீடியோக்காரரும் எங்களோடுதான் விருந்துக்கு வந்தார். நானும் போனேன். கலைப்பிரிவுத் தலைவன் இல்லாமல் கலை விருந்து நடந்தால் நன்றாகவா இருக்கும்? ஹாஜி ஒரு புறாவைக்கூடத் தொடவில்லை. மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் யாரோ தட்டில் சோறு வைத்து உட்காரவைத்தார்கள்.

அவர் தப்பித்து அரங்கத்துக்கு ஓடியபோது நானும் பின்னாலேயே ஓடினேன். நாடகம் முடிந்திருந்தது. நிஹால் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகத்துச் சாயம் கழுத்துவரை வழிந்திருந்தது.

"பாபா, நீங்க பாக்கலையா?"

"விட்டாத்தானேம்மா. எந்திரிச்சா பிடிச்சு உக்காரவைக்கிறானுங்க." மேடை விளிம்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாதியில நிறுத்திட்டியா?"

"இல்ல. கடைசி வரைக்கும் நடிச்சேன்."

"யாருக்கு?"

"யாருமில்ல பாபா. விளக்குப் போடறவர் இருந்தாரு. அவரும் போன்ல ஃபுட்பால் பார்த்துட்டிருந்தாரு."

அப்பனும் மகளும் சேர்ந்து தலைவரிடம் புகார் போனால் என் கதி என்ன? "ஹாஜி, மொத்தத்துல விழா பெரிய வெற்றி" என்று நடுவில் புகுந்தேன்.

அவர் காலி நாற்காலிகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு சோபாக்களை. பிறகு என்னை. மெல்ல மெல்ல அவர் நெற்றிச் சுருக்கம் மறைந்தது. மகளின் தலையில் கைவைத்தார்.

"உனக்குப் பிடிச்ச வரைக்கும் நடிம்மா. இனிமே நான் தடுக்க மாட்டேன்."

நிஹால் நிமிர்ந்தாள். ஒரு வருஷமாக அவள் காத்திருந்த சொல் அது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "பாக்காமலே எப்படி பாபா சொல்றீங்க?"

"கண்ட பயலும் என் பொண்ண வெறிச்சுப் பாப்பானேன்னுதாம்மா இத்தனை நாளா வேணாம்னேன். நம்ம வீட்டு அடுப்படியில நீ நின்னாக்கூட எதிர்வீட்டு ஜன்னல்லேர்ந்து எவனாச்சும் எட்டிப் பாக்கறான். இந்த மேடையில தைரியமா நில்லு. ஒருத்தனும் பாக்க மாட்டான்."