மூன்றாம் அறையில் பரவிய தொற்று

ஜார்ஜ் டவுனில் உள்ள அந்தத் தனியார் மனநல நிலையத்தில், நோயாளிகளின் உரிமைகள் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டப்பட்டிருந்தன. அவற்றைக் காப்பதும் கண்ணாடியைத் துடைத்து வைப்பதும் நோயாளிகள் நல அதிகாரி ஹைதரின் பொறுப்பு. துடைப்பதில் அவர்மீது இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு நாள் குணவதி வந்தாள். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. தூக்கம் வராமல் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவள்.

"அண்ணே, டாக்டர் கோகிலன் என் தொடையில கை வச்சாரு. எடுங்கன்னேன். இதுவும் டிரீட்மெண்ட்தான்னாரு. எனக்கு வேற டாக்டர் குடுங்க. அவருகிட்ட பொம்பளைங்கள தனியா அனுப்பாதீங்க. அவ்ளோதான் லா."

ஹைதர் உரிய அனுதாபத்தோடு தலையசைத்தார். நிலையத்தின் விதி தெளிவானது. நோயாளி ஒருவர் புகார் செய்தால், அது புகாரா, நோயின் அறிகுறியா என்று அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். குணவதிக்குச் சிகிச்சை அளிப்பவர் டாக்டர் கோகிலன். அவரும் சொந்த விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுக்காமல், 'அறிகுறி' என்று சான்றளித்தார். மருந்தையும் இரட்டிப்பாக்கினார்.

அடுத்து ஐனா வந்து அதையே சொன்னாள். அவளுக்குப் பின்னால் பிரமிளா. இயக்குநர் காமாரியா அவசரக் கூட்டம் கூட்டினார். கறிபாப் பலகாரம் பரிமாறப்பட்டது.

"மூணு பேருக்கும் ஒரே அறிகுறி. ஒருத்தருக்கு ஒருத்தரத் தெரியாது. அப்படின்னா என்ன அர்த்தம், ஹைதர்?"

ஹைதருக்கு ஒரு கணம் அர்த்தம் புரிந்துவிட்டது. பயந்துபோய் அதைக் கறிபாப்போடு சேர்த்து விழுங்கினார்.

"தொற்று!" என்றார் காமாரியா. "மூணு பேரும் மூணாம் நம்பர் ரூம்லதான உட்கார்ந்திருக்காங்க?"

டெங்கி பரவினால் என்ன செய்கிறோம்? புகை அடிக்கிறோம். மூன்றாம் அறைக்கும் அடித்தார்கள். டாக்டரின் பாதுகாப்பைக் கருதி அவரை ஐந்தாம் அறைக்கு மாற்றினார்கள். தொற்று ஐந்தாம் அறைக்குப் போனது. அங்கேயும் புகை. மாடியறைக்கு மாற்றினார்கள், தொற்று படியேறியது. கடைசியில் புகையால் டாக்டரின் நுரையீரல் கெட்டுவிடக்கூடாது என்று மாலை போட்டு, கெப்பாலா பத்தாஸ் கிளைக்கு வழியனுப்பி வைத்தார்கள்.

மறுநாளே தொற்று நின்றது. உரிமைகள் மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் கேக் வெட்டி, எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். கேக் தீர்வதற்குள் கெப்பாலா பத்தாஸிலிருந்து போன் வந்தது. அந்தப் புகை மெஷினைக் கொஞ்சம் இரவல் தர முடியுமா என்று கேட்டார்கள்.

அன்று மாலை குணவதி மறுபடியும் வந்தாள். விரலில் பெரிய கட்டு.

"மருந்தக் கூட்டுனதுல பேக்டரில மெஷின் முன்னாலயே தூங்கிட்டேன் அண்ணே. நல்ல வேள, நுனியோட போச்சு. அது கெடக்கட்டும். உங்க தொத்து கெப்பாலா பத்தாஸுக்கு யாரு காடியில ஏறிப் போச்சு?"

ஹைதருக்குப் பதில் தெரியும். முதல் நாளே தெரியும். அந்தக் கட்டைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

"மேடம், அந்தப் பொண்ணு சொல்றது நிஜம். டாக்டர உடனே நிறுத்தணும். போலீஸ்ல சொல்லணும்."

காமாரியா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"ஹைதர், நீங்க எப்பவாச்சும் மூணாம் நம்பர் ரூமுக்குள்ள போனீங்களா?"

"ஜன்னல் கண்ணாடி துடைக்கப் போனேன்."

"அடப் பாவமே," என்றார் காமாரியா.

சற்று நேரத்தில் ஹைதரின் மேசையைச் சுற்றிப் புகை அடிக்கப்பட்டது. இருமிக்கொண்டே அவர் தெருவுக்கு ஓடிவந்தார். வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் குணவதி காத்திருந்தாள்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"எனக்கும் தொத்திருச்சாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப வாங்க. போலீஸுக்கு ரெண்டு பேருமா போவோம்."

பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையில் நீண்ட வரிசை. வெள்ளைப் புகையைப் பார்த்து, நிலையத்தார் சுத்தமாக இருக்கிறார்கள் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அக்கறையாக விசாரித்தார்.

"என்ன நோய், பாய்?"

"பொம்பள சொன்னா நம்புற நோய்," என்றார் ஹைதர்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த இருவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.