உப்புக் கிடங்கில் கட்டுண்டு கிடப்பவனை அவிழ்த்துவிடக் கோரி

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, மொக்போ துறைமுகத்து மேட்டுத் தெருவிலிருந்து மா சம்போங் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. நான் நலம். என் இடுப்பைத் தவிர வீட்டில் எல்லோரும் நலம். தாங்களும், தங்கள் அச்சுக்கூடத்தாரும், மை தொட்ட கையோடு சாப்பிட உட்காரும் அத்தனை பேரும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. வரிகள் எல்லாம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். சில எழுத்துகள் கொழுத்தும் சில எழுத்துகள் பட்டினி கிடந்தது போலவும் இருக்கும். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படித்தவன் நான். போன வசந்த காலத்தில் வட்டார அலுவலகத்து மாடியில் முதியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ஓசியில் அடுப்பு எரிகிறது என்று குளிர் காயப் போனேன், எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து நடந்தால் நிற்கிறேன், நின்றால் வாசிக்கிறேன். நானும் என் நண்பன் குவாக் மான்சுவும் ஆயுள் முழுக்க 'மூக்குக்காரி கடை' என்று சொல்லிக் குடித்துவந்த கள்ளுக்கடைக்கு உண்மையான பெயர் 'சொர்க்கத்துத் தோட்டம்' என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. தெரிந்த அன்று இரண்டு கிண்ணம் கூடுதலாகக் குடித்தோம், சொர்க்கத்துக்கு மரியாதையாக.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள், பேத்தி ஒகியின் அம்மா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அறைச் சுவருக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டினாள். மேலே பூப்போட்ட தாள் ஒட்டுவதற்கு முன்னால் அடியில் ஒட்டுகிற அந்தத் தாள்தான். பூப்போட்ட தாள் இன்னும் வரவில்லை. வராததே என் அதிர்ஷ்டம். எழுத்து வந்த பிறகு பார்த்தால் நான்கு சுவரும் உங்கள் பத்திரிகை! நடுநடுவே வருகிற சீன எழுத்து எனக்குத் தெரியாது, அது வருகிற இடமெல்லாம் சேறு என்று தாண்டிப் போய்விடுவேன். தொடர்கதையில் அது குறைவு. ஆகவே தொடர்கதையாகவே வாசித்தேன். ஜன்னலடியில் ஆரம்பித்து, குனிந்து, நிமிர்ந்து, ஒரு இடத்தில் ஒகி அம்மா தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டதால் மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கப் போட்டு, இப்படி வீரன் சொக் பாவுவின் கதை முழுவதையும் குவாக்குக்கு வாசித்துக் காட்டிவந்தேன். அவனுக்கு எழுத்து தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டதற்கு, "ஒருத்தன் படிச்சாப் போதாதா? ஒரே கிணத்துக்கு எதுக்குய்யா ரெண்டு வாளி?" என்று சொல்லிவிட்டான்.

ஐயா, நான் குறை சொல்கிறவன் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், உங்கள் எழுத்தாளர்கள் ஏன் எல்லோரையும் பிடித்துக் கட்டிப்போடுகிறார்கள்? என் அறையில் மட்டும் இப்போது நான்கு பேர் கட்டுண்டு கிடக்கிறார்கள். சமையற்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு விதவை படகோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு மேலே ஒரு துப்பறிகிறவர் ரயில் தண்டவாளத்தில். மூலையில் ஒரு பணக்காரர் வீட்டுப் பெண், பட்டுக் கயிற்றால். பெண்கள் என்றால் பட்டுக் கயிறு, ஆண்கள் என்றால் வைக்கோல் கயிறு, இது உங்கள் அலுவலகத்துச் சட்டம் போலிருக்கிறது. நடுவில் நான் பாய் விரித்துத் தூங்குகிறேன். நிம்மதியாகவா தூங்க முடியும்?

அவர்கள் கட்டுண்டு கிடக்கும் அழகையும் சொல்ல வேண்டும். வாயில் துணி அடைத்திருக்கும், ஆனாலும் அரைப் பத்திக்கு வசனம் பேசுவார்கள். இரண்டு நாள் கட்டிப்போட்டிருந்தாலும் தலைமுடி கலையாது, ஒருவருக்கும் ஒன்றுக்கு வராது. வில்லன் கையில் கத்தி இருக்கும், குத்த மாட்டான். தான் செய்யப்போவதை எல்லாம் ஆதியோடந்தமாக விளக்கிச் சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, சாப்பிடப் போய்விடுவான். காவலுக்கு வைக்கிறவன் கட்டாயம் குடிகாரன். நான் ஊரெல்லாம் குடிகாரர்களைப் பார்த்தவன், ஒருவருக்கும் காவல் வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விளக்கு, அல்லது உடைந்த கிண்ணம், அல்லது கயிறு தின்கிற எலி இருக்கும். எங்கள் வீட்டு எலி அரிசியை விட்டுவிட்டுக் கயிறு தின்று நான் பார்த்ததே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். தாளின் தேதியைப் பார்த்தால், சந்தா வசூலிக்க வருகிற மாதக் கடைசியில்தான் ஆட்கள் அதிகமாகப் பிடிபடுகிறார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, தேதி வாசிக்கத் தெரிந்துவிட்டதைத் தெரிவிக்கத்தான் சொல்கிறேன்.

இப்போது நான்காவதாகச் சொக் பாவுவைக் கடலோர உப்புக் கிடங்குத் தூணில் கட்டிவிட்டார்கள். மீசைக்கார அதிகாரி விளக்கமெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். கடல் ஏறுகிறது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. 'அப்போது கதவுக்கு வெளியே ஒரு காலடிச் சத்தம்' என்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒகி அம்மாவின் சீதன அலமாரி இருக்கிறது. அடுத்த நாள் கதை அலமாரிக்குப் பின்னால்.

நகர்த்து என்றேன். ஒகி அம்மா சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தாள். "மாமா, இன்னைக்குக் கெட்ட ஆவிங்க நடமாடுற நாள். அலமாரிய நகர்த்துனா குடும்பத்துல யாராச்சும் படுத்துக்குவாங்க. அதுங்க வானத்துக்குப் போற நாள் வரட்டும், அன்னைக்கு நகர்த்தலாம்" என்றாள். அந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் அம்மா அப்படி வளர்த்திருக்கிறாள். ஆணி அடிப்பதென்றாலும் நாட்காட்டியைக் கேட்டுத்தான் அடிப்பாள்.

குவாக்கால் பொறுக்க முடியவில்லை. "அவன் எப்படித் தப்பிப்பான்னு நாமளே செஞ்சு பாத்துருவோம்" என்றான். முற்றத்தில் கைப்பம்பு இருக்கிறது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட வாங்கிய முட்டைக்கோஸ் கட்டுகளை அவிழ்த்த வைக்கோல் கயிறு குவியலாகக் கிடந்தது. என்னைப் பம்போடு சேர்த்துக் கட்டினான். கிண்ணத்தைக் காலால் உதைத்து உடைத்து, அந்தச் சில்லால் கயிற்றை அறுப்பது என்று ஏற்பாடு. சொக் பாவு முந்தி ஒருமுறை அப்படித்தான் தப்பித்தான், ஜன்னலுக்கு இடப்பக்கத்தில் இருக்கிறது. நான் மூன்று கிண்ணம் உடைத்தேன். ஒரு சில்லுகூடக் கைப்பக்கம் வரவில்லை. எல்லாம் கோழிப்பக்கம் போனது. மூக்கு வேறு அரித்தது. ஐயா, இத்தனை கதையில் ஒருவனுக்காவது கட்டுண்டிருக்கும்போது மூக்கு அரித்ததாக எழுதியிருக்கிறீர்களா?

"விட்டுர்றா, தோத்துட்டேன், அவுத்து விடு" என்றேன். குவாக் சிரித்துக்கொண்டே குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முட்டைக்கோஸ் மேலேயே விழுந்தான். முகம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கை எட்டவில்லை. அவன் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, பம்பில் கட்டுண்டு, நான் கத்தினேன் பாருங்கள், அந்த மாதிரிக் கத்தலை உங்கள் எழுத்தாளர் எவரும் எழுதியதில்லை.

அந்த நேரம் பார்த்து, கிம்ச்சி போட ஒகி அம்மாவும் தெருப் பெண்கள் ஐந்தாறு பேரும் கத்தியும் கையுமாக உள்ளே வந்தார்கள். ஒருவன் கட்டப்பட்டிருக்கிறான், ஒருவன் விழுந்து கிடக்கிறான், சுற்றிலும் உடைந்த கிண்ணம். "ஐயோ திருடன்!" என்று ஒருத்தி தெருவுக்கு ஓடினாள். இன்னொருத்தி என் பக்கம் வந்து, "யாரு கட்டுனது?" என்றாள். "கீழே கிடக்கானே, அவன்தான்." "அப்ப அவர அடிச்சது?" "யாரும் அடிக்கலம்மா, கதைக்காகத்தான்..." என்றேன். போலீஸ்காரர் வந்தார். அவரும் அவிழ்ப்பதற்கு முன்னால் விசாரித்தார். "பெரியவரே, உங்கள எதுக்குக் கட்டுனாங்க?" "உப்புக் கிடங்குல தண்ணி ஏறுதுங்க." அவர் ஒகி அம்மாவைப் பார்த்தார். ஒகி அம்மா தரையைப் பார்த்தாள். "இவருக்குப் படிக்கத் தெரிஞ்சு கொஞ்ச நாள்தாங்க ஆகுது" என்றாள், ஏதோ காய்ச்சல் வந்ததைச் சொல்வது போல.

குவாக்கின் பித்தப்பையில் கல் இருக்கிறதாம். வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குவாக் மாட்டேன் என்கிறான். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவன் தங்குவது எங்கள் வாசல் அறையில்தான், கோபப்படுவது என்னிடம்தான்.

"மயக்க மருந்து குடுப்பாங்களாம். அதுல எந்திரிக்காமப் போயிட்டா? சொக் பாவு என்ன ஆனான்னு தெரியாம நான் சாகணுமா? அவன அவுத்தாதான் நான் வருவேன்."

"கிறுக்குப் பயலே, அவன் தாள்ல இருக்கறவன்டா!"

"தாள்ல இருந்தா மட்டும் தண்ணி ஏறாதா?"

பயம் அவனுக்கு. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் நாங்கள் இருவரும் சொக் பாவுவைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்கிறோம். ஆகவே ஆசிரியர் அவர்களே, பழைய பிரதிகளை எடுத்துப் பார்த்து, இவன் அவிழ்த்துக்கொண்டானா இல்லையா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். கொட்டை எழுத்தில் எழுதுங்கள். தங்கள் எழுத்தாளர்களுக்கும் ஒரு புத்தி சொல்லுங்கள். நேர்மையாகக் கட்டச் சொல்லுங்கள். விளக்கு, எலி, குடிகாரன், வசனம் எதுவும் வேண்டாம். கட்டினால் கட்டு கட்டாக இருக்க வேண்டும். இவ்வளவு கூடத் தெரியாதவர்கள் பேனாவை ஏன் தொடுகிறார்கள்?

தங்கள் பெற்றோர் நெடுநாள் வாழட்டும், தங்கள் வீட்டுக் கிம்ச்சி அளவாகப் புளிக்கட்டும், தங்கள் சுவரில் யாரும் கட்டுண்டு கிடக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மா சம்போங்
(பெயரை மட்டும் வேகமாக எழுதுவேன், பாருங்கள்)

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. தபால்தலை ஒட்டும் முன் குவாக்குக்கு மறுபடியும் வலி வந்துவிட்டது. ஒகி அம்மா நாட்காட்டியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். "கெட்டதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். பிடிங்க மாமா" என்று அலமாரியைத் தள்ளிவிட்டாள். குவாக்கைப் பாயோடு தூக்கி வந்து அறையில் கிடத்தினோம். சுவரைப் பார்த்தேன். அந்தத் தாளை மறுபக்கம் திருப்பி ஒட்டியிருக்கிறாள். இருந்ததெல்லாம் குடற்புழு மருந்து விளம்பரமும் மீன் ஏலத்து விலையும்தான்.

"என்னய்யா போட்டிருக்கு?" என்றான் குவாக்.

நான் குடற்புழு மருந்தின் மேல் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். கதவு திறந்தது, காலடிச் சத்தம் போட்டவன் சொக் பாவுவின் பழைய நண்பன், அவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி முடிச்சை அவிழ்த்தான். ஒகி அம்மா பின்னால் நின்றாள். அவளுக்கு நன்றாக வாசிக்க வரும். போச்சு என்று நினைத்தேன். "மாமா, நடுவுல ஒரு வரிய விட்டுட்டீங்க. 'பயப்படாதே, நான் இருக்கேன்'னு அந்த நண்பன் சொல்றானே, அங்க, மீன் படத்துக்குக் கீழ" என்றாள்.

குவாக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "சரி, போலாம்" என்றான். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கெல்லாம் முடித்துக்கொண்டு கடையைச் சாத்துகிறவன் சொல்கிற 'சரி' அது. உடனே கெளுத்தி மீன் விலையில் விரலை வைத்து, சொக் பாவு தப்பிய அதே நேரத்தில் அந்த நண்பனை அதிகாரி பிடித்து அதே தூணில் கட்டிவிட்டான், தொடரும், என்று வாசித்தேன். "நல்லாக் கட்டியிருக்கானா?" "ஈரச் சணல் கயிறு. விளக்கு இல்ல. எலி இல்ல. காவக்காரன் குடிக்கவே மாட்டான். அதிகாரி ஒரு வார்த்தைகூடப் பேசல." ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் குவாக் உங்கள் எழுத்தாளரைத் திட்டிக்கொண்டே போனான். எனக்குக் காது குளிர்ந்தது.

கல்லை எடுத்துவிட்டார்கள். கஷ்கொட்டை அளவு இருக்கிறது. கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது, "அவுத்தாச்சா?"

நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறான். நேரே சுவரடியில் வந்து உட்காருவான். நானும் இரவு பகலாக யோசித்துவிட்டேன், நான் கட்டிய கட்டுக்கு வழியே இல்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தங்கள் எழுத்தாளர்கள் மேதைகள். கைவசம் ஒரு எலி இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். குடிகாரக் காவலாளியாக இருந்தாலும் பாதகமில்லை.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன். அந்த நண்பனை யார் அவிழ்த்தது என்று தங்களுக்கும் தெரிய வேண்டாமா?