கந்தர் வேலாயுதம் கடல் காத்த கதை

எங்கள் தீவுகளில் செத்துப்போன கிழவர்களில் ஒருவர்கூடச் சாதாரண ஆள் இல்லை. உயிரோடிருந்த காலம் முழுக்கப் பனங்கிழங்கு தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தவரும், செத்துச் சில வருஷத்தில் புலியை அடித்துக் கொன்றவராகிவிடுவார். (தீவில் புலி ஏது என்று கேட்பவன் அந்தக் குடும்பத்தோடு காணிச் சண்டை உள்ளவனாகத்தான் இருப்பான்.)

எங்கள் வீட்டு வீரர் என் அப்பப்பா. சுங்கப் பகுதியின் காவல் வள்ளத்தில் அவர் கப்பித்தானாக இருந்தாராம். கள்ளமாய் அபின் ஏற்றி வந்தவர்களை அனலைதீவுக்கு அப்பால் துரத்தித் துரத்திப் பிடித்தாராம். நாரந்தனையில் எங்கள் வீட்டு அலுமாரியில் தொங்கிய பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டுத்தான் இதற்குச் சாட்சி.

அவர் பெயர் கந்தர் வேலாயுதம். என் பெயரும் அதுதான். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அப்பப்பாவின் தகப்பன் பெயர் கந்தர். அது என் ஐயாவுக்கு, அதாவது என் தகப்பனுக்கு, வந்தது. வேலாயுதம் எனக்கு வந்தது. தகப்பன் பெயரைச் சேர்த்துத் தாளில் எழுதினால் அப்பப்பாவும் நானும் ஒரே ஆள். இதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நான் சின்ன வயதிலேயே பதுளையில் பெரியப்பாவின் சுருட்டுக் கடைக்குப் போய்விட்டவன். மலை தெரிந்த அளவுக்குக் கடல் தெரியாது. இரண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு கல்யாணப் பேச்சுக்காக ஊருக்கு வந்தேன். பெண் நெடுந்தீவு, பெயர் பூரணம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தாள். தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்த்துக்கொண்டிருந்தவளிடம் நான் மறுபடி மறுபடி செம்பை நீட்ட, "என்ன, மாட்டுக்கும் சேர்த்தோ வாங்கிறியள்?" என்று கேட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய தகப்பன் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பேச்சுக்கு வந்தவரிடம் ஐயா கப்பித்தான் கதையை அபிநயத்தோடு சொன்னார். வாத்தியார் கடைசிவரை கேட்டார்.

"கதை நல்லாத்தான் கிடக்கு. ஆனா எனக்குப் பூர்வீகம் எழுத்திலை வேணும். கந்தோரிலை பதிவு இருக்குமெல்லே? தம்பி, நீர் அதை எடுத்துக்கொண்டு எங்கடை வீட்டை வாரும். மிச்சத்தைப் பிறகு பேசுவம்."

ஊர்காவற்றுறைத் துறையடியில் இருந்த சுங்கக் கந்தோருக்கு ஓடினேன். பழைய பதிவுகள் கிடந்த அறையில் மனிதரைவிடக் கறையான் அதிகம். கிளாக்கர் தும்மித் தும்மித் தேடி, ஒரு நாள் அப்பப்பாவின் பதிவைக் கண்டுபிடித்தே விட்டார். தாளின் மேல்பக்கத்தைக் கறையான் தின்றதில் வருஷம் எழுதியிருந்த இடம் போய்விட்டது. மிச்சத்தை அப்படியே பிரதி எழுதி உறையில் இட்டார்.

"ஒட்ட முன்னம் ஒருக்கா வாசிச்சுப் பாருமன்" என்றார்.

"தேவையில்லை. எனக்குத் தெரிஞ்ச கதைதானே! நல்ல பெரிசா அரக்கு முத்திரை குத்தி விடுங்கோ. சபையிலை வைச்சு உடைக்கவேணும்." (அவருடைய இங்கிலீஷ் கூட்டெழுத்து எனக்கு விளங்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது?)

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிறகு என்னிலை குறை சொல்லக் கூடாது" என்று சொல்லிக் குத்தினார்.

குறித்த நாளில் அப்பப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஐயாவுடன் வள்ளம் ஏறினேன். சோளகக் காற்று கடலைக் கிளப்பிவிட்டிருந்தது. துறை கண்ணிலிருந்து மறையும் முன்பே வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டேன். காலையில் தின்ற புட்டு, முதல்நாள் தின்ற மீன், பதுளையில் எப்போதோ தின்ற பலாப்பழம்கூட வெளியே வந்தது போலிருந்தது.

"கப்பித்தான்ரை பேரன், தலையைத் தூக்கடா! சனம் பாக்குது" என்று ஐயா கத்தினார்.

வள்ளத்தை ஓட்டிய தண்டையல், வாந்தி அடங்கவென்று என் மூக்கடியில் ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், பிடித்தார். "மோந்து பாரும் தம்பி. தீவுப் பிள்ளைதானே நீர்?"

"பதுளை" என்று முனகினேன்.

"அதுதானே பாத்தன்."

நெடுந்தீவில் வாத்தியார் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபோதும் தரை ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் பலகாரப் பெட்டியைத் தூக்கி வந்த தண்டையல் தேத்தண்ணிக்காக வாசலில் நின்றார். பெண் வீட்டுச் சனம் சுற்றி இருந்தது. நான் எழுந்து உறையை இரண்டு கையாலும் நீட்டினேன். வாத்தியார் முத்திரையை உடைத்து, வகுப்பில் வாசிக்கிற குரலில் தமிழாக்கித் தமிழாக்கி வாசித்தார்.

"கந்தர் வேலாயுதம், நாரந்தனை. காவல் வள்ளத்தில் துடுப்புக்காரன்."

"அந்த நாளையிலை துடுப்புக்காரரையும் கப்பித்தான் எண்டுதான் சொல்லுறது" என்றார் ஐயா அவசரமாக.

"வள்ளம் துறையை விட்டதும் இவர் வாந்தி எடுக்கிறார். அனலைதீவுக்கு அப்பால் கள்ள வள்ளமொன்றை மறித்தபோது மயங்கிக் கிடந்தார். கள்ளக் கடத்தல்காரரே இரங்கித் தேசிக்காய் கொடுத்தனர். அந்தச் சந்தடியில் தப்பியும் போயினர். இவரை இனிக் கடலுக்கு அனுப்பவேண்டாம். கரையில் கொடி ஏற்றும் வேலைக்கு மாற்றப்படுகிறார். சீருடைக் கோட்டை இன்னும் திருப்பித் தரவில்லை."

சபை முழுக்க என் கோட்டைப் பார்த்தது. வாத்தியார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"பேரும் கந்தர் வேலாயுதம். கோட்டும் இதுதான். வருஷம் போடேல்லை. தம்பி, இது நீர்தானே?"

"ஐயோ, இல்லை! அது அப்பப்பா!"

வாசலில் நின்ற தண்டையல் தொண்டையைச் செருமினார். "வாத்தியார், நான் இடையிலை கதைக்கிறதெண்டு நினைக்கக் கூடாது. இண்டைக்கு என்ரை வள்ளத்திலை சத்தி எடுத்தது இவர்தான். தேசிக்காய் குடுத்தது நான்."

பூரணம் கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. அழுதால் வயிறும் சேர்ந்து வந்துவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பூரணத்தின் குரல் தகப்பனைக் கேட்டது.

"ஐயா, வள்ளம் ஏற ஏலாதவர் எண்டால், என்னைப் பதுளைக்கும் கொண்டு போகமாட்டாரெல்லே?"

வாத்தியாருக்கு அவள் ஒரே பிள்ளை. மகள் கடல் கடந்து மலைநாட்டுக்குப் போய்விடுவாளே என்பதுதான் அவருடைய கவலை என்பதும், பூர்வீகம் கேட்டதெல்லாம் நாளைக் கடத்தத்தான் என்பதும் எனக்குப் பிறகே தெரியவந்தது. அவர் தாளை மடித்தார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, உமக்கு இங்கையே ஒரு சுருட்டுக்கடை போட ஏலுமோ?"

"ஓம்!" என்றேன், ஐயா வாய் திறக்கும் முன்பே. பூரணத்தின் மேலிருந்த ஆசை பாதி, திரும்பி வள்ளம் ஏறவேண்டுமே என்ற பயம் பாதி.

அன்றிலிருந்து நெடுந்தீவுதான் என் ஊர். மாமாவாகிவிட்ட வாத்தியார் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். சுருட்டு வாங்க வருகிறவர்கள், "கப்பித்தான், கடல் எப்பிடி?" என்று கேட்காமல் போவதில்லை.

என் மகன் கந்தருக்குப் போன மாதம் மூத்த பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. "இந்த முறை வேறை பேர் வைப்பம் ஐயா" என்று மகன் கெஞ்சினான். வழக்கத்தை விடக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து பிள்ளையை வள்ளத்தில் கொண்டு வந்தார்கள். பூரணமும் நானும் துறைக்குப் போய் நின்றோம். இப்போது தண்டையலின் மகன்தான் வள்ளம் ஓட்டுகிறான். பிள்ளையை ஏந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தவன் தூரத்திலேயே கூவினான்.

"கப்பித்தான்! உங்கடை பேரன்தான், சந்தேகமே வேண்டாம்!"

அவனுடைய சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பிள்ளை கக்கிய பால் வழிந்திருந்தது. பூரணம் முந்தானைக்குள்ளிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தாள்.