இருநூற்றுப் பதினான்கு மில்லியனும் ஒரு பவுணும்

ரெய்னர்ஸ் லேன்,
பங்குனி 9, திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய பெரியண்ணைக்கும் மச்சாளுக்கும், தம்பி சச்சிதானந்தன் பணிவன்புடன் எழுதுவது. இங்கே நானும் குமுதினியும் வயதுக்கேற்ற நோய்நொடிகளோடு நலமாக இருக்கிறோம். அங்கே ரொறன்ரோவில் உங்கள் முழங்காலும் மச்சாளின் சீனி வருத்தமும் வாசல் பனியும் ஒரு கட்டுக்குள் நிற்க வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் அருள்புரிவாளாக.

போன் என்று ஒன்று இருக்க ஏன் இவன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் மச்சாள் ஸ்பீக்கரில் போடுவா. அரை மணித்தியாலத்தில் மொன்றியலுக்கும் பாரிசுக்கும் தெரிந்துவிடும். குறை நினைக்கவேண்டாம். நான் இப்போது ஒரு குற்றவாளி அண்ணை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

எங்கள் மூத்தவள் ஆரணி கவுன்சிலராக வந்ததும், போன வருடம் நிதிப் பொறுப்பையே அவளிடம் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே ரொறன்ரோப் பத்திரிகையில் படம் போட்டு வாழ்த்தினீர்கள். எந்தக் கவுன்சில் என்று இதில் எழுதமாட்டேன், கடிதம் யாருடைய கையில் கிடைக்குமோ தெரியாது. ஒவ்வொரு மாசி மாதமும் அந்தக் கவுன்சில், "அடுத்த வருடம் வரிப்பணத்தில் ஆகக்கூடியது இவ்வளவுதான் செலவழிப்போம்" என்று ஒரு தொகையைச் சபையில் வாசித்து நிறைவேற்றவேண்டும். அந்தத் தொகைக்குச் சட்டத்தில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. ஒரு பவுண் தாண்டினாலும் ஊர் முழுவதையும் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடத்தவேண்டும். ஆகவே அவர்கள் வரம்பின் நுனியில் போய் நிற்பார்கள். ஒரு பவுண் தாண்டவும் மாட்டார்கள், ஒரு பவுண் மிச்சம் விடவும் மாட்டார்கள். இந்த வருட வரம்பு சரியாக இருநூற்றுப் பதினான்கு மில்லியன் பவுண்.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு காலை ஆரணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். லப்டொப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டுத் தலை முழுகப் போனாள். குமுதினி என்னைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை முதல்முதல் வாசிக்கப்போற பேப்பர். சோதனைக்குப் போகேக்க அட்மிஷன் கார்ட்டை அம்மன்ர காலடியில வைச்சு எடுத்தனாங்கள்தானே. இதையும் ஒரு பிறின்ற் எடுத்துத் தாங்கோ, ஐயரிட்டைக் குடுப்பம்" என்றாள். நல்ல காரியந்தானே என்று நானும் மேசைக்கு முன்னால் குந்தினேன். திரையில் அந்தத் தொகை நின்றது. இருநூற்றுப் பதினான்குக்குப் பிறகு வரிசையாக ஆறு பூச்சியம். நீங்களே சொல்லுங்கோ அண்ணை, கல்யாண வீட்டுக் கவருக்குள் நூறு பவுண் வைத்தாலும் கூட ஒரு பவுண் நாணயக் குத்தியை ஒட்டிக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். பூச்சியத்தில் முடிகிற காசு விளங்குமா? அதையும் அம்மனுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறதா? கடைசிப் பூச்சியத்தை அழித்துவிட்டு ஒன்று அடித்தேன். அம்மனுக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச்சியத்தைப் போடுவதுதான் என் எண்ணம். சத்தியமாக.

பிறின்ரரில் பேப்பர் இறுகிவிட்டது. நான் அதை இழுத்து எடுத்துக்கொண்டு நிற்க, ஆரணி வந்து லப்டொப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பேப்பரைச் சேமிக்காமல் விட்டால் மாற்றம் அழிந்துபோகும் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். இந்தக் காலத்து லப்டொப் நாங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சேமித்து வைக்குமாம். நாங்கள் கேட்டபோது ஒருநாளும் சேமித்ததில்லை, இதைச் சேமித்துவிட்டது.

கூட்டத்தன்று நானும் குமுதினியும் பார்வையாளர் பகுதியில் இருந்தோம். ஆரணி எழும்பினாள். மயில்நீலச் சேலை. கணீரென்ற குரல். நாற்பத்திரண்டு பக்கம் வாசித்துக் கடைசியில் ஆங்கிலத்தில் "இருநூற்றுப் பதினான்கு மில்லியனும் ஒரு பவுணும்" என்றாள். சபையில் ஒருவரும் அசையவில்லை. அரைவாசிப் பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மற்ற அரைவாசியில் இரண்டு பேர் நித்திரை. பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்து, தொகை நிறைவேறியது. குமுதினி என் காதுக்குள், "பாத்தியளே, அம்மன்ர அருள்" என்றாள்.

மூன்றாம் நாள் யாரோ ஒரு இளைப்பாறிய கணக்காளர் கூட்டக் குறிப்பை எழுத்தெழுத்தாக வாசித்து விஷயத்தைப் பிடித்துவிட்டார். அண்ணை, ஒரு பவுண் இவ்வளவு வேலை செய்யும் என்று நான் என் கடையில் பதினெட்டு வருடம் நின்றும் அறியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் "இன்றைக்கு ஒரு பவுண், நாளைக்கு உங்கள் வீடு" என்று நோட்டீஸ் அடித்தார். ஆளுங்கட்சி "வரலாறு காணாத மேலதிக முதலீடு" என்று பதில் நோட்டீஸ் அடித்தது. மூன்றாம் கட்சி அந்தப் பவுணைச் சைக்கிள் பாதைக்கு ஒதுக்கும்படி பிரேரணை கொண்டுவந்தது. ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு இருந்து கதைத்த இரண்டு நாளுக்கும் சான்ட்விச் மட்டும் முன்னூற்று நாற்பது பவுண். சட்டத்தரணியின் அபிப்பிராயம் பதினெட்டாயிரம். ஊர் வாக்கெடுப்பு வைத்தால் ஒன்பது லட்சம் பவுண் செலவு முடியுமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

பொறுக்க ஏலாமல் போன புதன்கிழமை ஒரு பவுண் குத்தியோடு கவுன்சில் கந்தோருக்குப் போனேன். வரவேற்பு மேசையில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று, கஜந்தினி என்று பெயர் குத்தியிருந்தது.

"பிள்ளை, கவுன்சிலுக்கு ஒரு பவுண் குடுக்கவேணும்" என்றேன்.

"அங்கிள், நாங்கள் காசு எடுக்கிறேல்லை. கார்ட் மட்டும்."

"அப்ப கார்ட்டில எடுங்கோ."

"என்னத்துக்கு எண்டு போடுறது? கவுன்சில் டக்ஸோ, பார்க்கிங் பைனோ, தோட்டக் குப்பையோ?"

"ஒண்டுக்கும் இல்லை, சும்மா."

"சும்மா எண்டு ஒரு பட்டன் இல்லை அங்கிள்" என்றாள் அந்தப் பிள்ளை, பாவம், உண்மையாகவே திரையை மேலும் கீழும் தேடிவிட்டு. பிறகு மெல்லிய குரலில், "அந்த ஒரு பவுண் கதைக்கோ வந்தனீங்கள்? நீங்கள் குடுத்தாலும் சரிவராது. வருமானம் கூடுறதில பிரச்சினை இல்லை, செலவுதான் கூடப்படாது" என்றாள். வெளியே வந்தால் என் கார்க் கண்ணாடியில் எண்பது பவுண் தண்டம். கவுன்சிலின் வருமானத்தை நான் கூட்டிவிட்டேன், செலவு அப்படியே இருக்கிறது.

இவ்வளவும் சிரிக்கிற கதைதான் அண்ணை. இனிமேல் எழுதுவதில் சிரிப்பு இல்லை. கவுன்சிலில் கணக்குப் பகுதித் தலைவர் ஒரு வெள்ளைக்காரர், விட்டேக்கர் என்று பெயர். முப்பத்தொரு வருட சேவையில் ஒரு தசமத்தைக்கூடப் பிழையாகப் போடாத மனிதர். அந்தப் பேப்பரைத் தயாரித்தவர் அவர். அதனால், "இந்தப் பிழை என்னுடையது" என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்! நாளைக்கு விசேட கூட்டத்தில் அவரை விசாரிக்கிறார்கள். வேலை போகும், பென்சனிலும் கை வைப்பார்கள் என்று கதை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை குமுதினி சுட்ட முறுக்கு, பயற்றம் பணியாரம், சீனி அரியதரம் என்று மூன்று டப்பா நிறைத்துக்கொண்டு அவருடைய அறைக்கே போய்விட்டேன். ஆரணியின் அப்பா என்றேன். எழும்பி நின்று கைகொடுத்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்து, "அந்த ஒன்றை நான் அடித்தது எனக்கு நல்ல ஞாபகம். செவ்வாய் பின்னேரம், யன்னலில் வெயில் அடித்தது, கண் கூசியது" என்கிறார்! என்ர கடவுளே, அடித்தவன் முன்னால் இருந்து முறுக்குக் கொடுக்கிறான், அடிக்காதவன் வெயிலையும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறான். இப்படியும் ஒரு மடப் பேயன் இந்த உலகத்தில் உண்டா? நல்லவன் என்றால் இப்படியா, தனக்கே பொய்ச்சாட்சி சொல்லுகிற அளவுக்கு? சொல்ல வந்ததைச் சொல்லாமலே டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணை, இனி ஏலாது. நான் கடை நடத்திய காலத்தில் மிச்சக் காசு மாறிக் கொடுத்தால் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தவன். என் கைப்பிழைக்கு ஒரு அப்பாவி வேலை இழந்துபோக நான் வீட்டில் இருந்து நாடகம் பார்க்கிறதா? நாளைய கூட்டத்தில் பொதுமக்கள் மூன்று நிமிடம் கதைக்கலாம். பெயர் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன். ஆரணியின் பதவி போகலாம். அவள் என்னோடு ஆயுசுக்கும் கதைக்காமல் விடலாம், அவள் உங்களைப்போல, கோபம் வந்தால் வருடக்கணக்கு. குமுதினியும் அவளோடுதான் நிற்பாள். ஆகையால் உங்கள் வீட்டுக் கீழறையை ஒழுங்குபடுத்தி வையுங்கோ. கட்டில் வேண்டாம், பாய் போதும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் கால்களைத் தொட்டு வணங்கி, பெரியவர்களுடைய ஆசியை முன்னெப்போதையும்விட நாளைக்கு வேண்டி நிற்கும்,

தம்பி,
சச்சி.

பி.கு.: இன்று புதன். கடிதம் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. மேலே எழுதியதில் ஒன்றும் சரியில்லை, ஆனால் திரும்ப எழுதக் கை ஓடவில்லை. அறை வேண்டாம்.

நேற்றுக் கூட்டத்தில் எழும்பினேன். "அந்த ஒன்றை அடித்தது நான்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த வசனம் வருவதற்கு முன் விட்டேக்கர் எழும்பி, "என் பிழையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள ஒரு முதியவர் முன்வந்திருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய மனம் காட்டியதில்லை" என்றார். சபை முழுவதும் எழும்பிக் கைதட்டியது. நித்திரை கொள்ளுகிற இரண்டு பேரும் தட்டினார்கள். "இல்லை, இல்லை, உண்மையாக நான்தான்" என்று கத்தினேன், இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதிகாரி ஒருவரின் தட்டச்சுப் பிழை என்றால் ஒரு கையெழுத்தோடு திருத்தலாமாம். கவுன்சிலர் பக்கத்துப் பிழை என்றால் மட்டும்தான் அந்த ஒன்பது லட்சத்து வாக்கெடுப்பு. விட்டேக்கருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

படியில் வைத்து அவரைப் பிடித்தேன். "ஏன் ஐயா நீங்கள் என்னை நம்பவில்லை?" என்று கேட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஞாயிறு காலை பத்து பன்னிரண்டுக்கு, உங்கள் மகளின் லப்டொப்பில் இருந்து, ஒரு எழுத்து. கம்பியூட்டர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறது. மகள்தான் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்று டப்பாவோடு வந்தபோது விளங்கியது. குற்றமில்லாத மனிதர் ஒரு டப்பாவுக்குமேல் கொண்டுவரமாட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மே மாதம் இளைப்பாறுகிறேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம் என்னை ஒன்றும் செய்யாது. அவளுக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. அவளிடம் சொல்லவேண்டாம், தெரிந்தால் போய் உண்மையைச் சொல்லிவிடுவாள். இந்தக் கட்டடத்தில் அந்தப் பழக்கம் அவளுக்கு மட்டும்தான்" என்றார். அந்த மனிதரைத்தான் அண்ணை நான் மேலே பேயன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆரணி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வாசலில் நிறுத்தி என் கையைப் பிடித்தாள். "அப்பா, சின்னனில இருந்து பொய் சொல்லக்கூடாது எண்டு அடிச்சடிச்சு வளத்தனீங்கள். இண்டைக்கு எனக்காகவும் அந்த மனிசனுக்காகவும் அத்தினை பேருக்கு முன்னால நிண்டு பொய் சொன்னனீங்கள். எனக்கு உங்களை நினைக்க எவ்வளவு பெருமையாய் இருக்குத் தெரியுமே?" என்றாள்.

விட்டேக்கர் சொன்னபடி உண்மையை விழுங்கிக்கொண்டேன் அண்ணை. அவள் போகும்வரை வாசலில் நின்று கை காட்டிவிட்டு, குமுதினி காணாமல் குளியலறைக்குள் போய் அழுதேன்.