இருக்கையில்லாப் பிரதிநிதி வாகை சூடிய பரணி

வாழி ஆர்னெட்டா கிரெஷம்! அனகோஸ்டியா ஆற்றங்கரையின் அணிவிளக்கு, காலணிக்கடைத் தலைவி, தேவாலயப் பாடகர்குழுவின் இடிமுரசு, வாழி!

வரி செலுத்தும் உரிமையை நாடு வாரி வழங்கிவிட்டு, தன் பேரவையில் கையுயர்த்தும் உரிமையை மட்டும் வழங்க மறந்த வாஷிங்டன் மாநகரில், அமர இருக்கையும் அளிக்க வாக்கும் பெற ஊதியமும் இல்லாத, 'எங்களுக்கும் இடம் கொடுங்கள்' என்று ஓயாது கேட்பதொன்றே கடமையான பிரதிநிதிப் பதவிக்காக, இருமுறை தோற்றும் இளையாத அவ்வீராங்கனை மீண்டும் களம் புகுந்தார்.

எதிர்நின்றவர் பதவியிலிருந்த லைல் ஹூப்பர். வெண்மீசை வேந்தர், துண்டறிக்கை மாரி பொழியும் கார்முகில்.

தேர்தல் நாளன்று நவம்பர்க் காற்று நாகமெனச் சீறியது. வாக்குச்சாவடிக்கு வெளியே, பிரசாரகர் தாண்டலாகாத கோட்டுக்கு இப்பால், வெயில் விழுந்தது சுவரோரம் ஒரு முழ நிலத்தில் மட்டுமே. அதை விடியலிலேயே கைப்பற்றிக் கோட்டைக் கொற்றவனென நின்றார் ஹூப்பர்.

"ஹூப்பரண்ணே, வந்ததுலருந்து நீங்கதான் வெயில் காயுறீங்க. தள்ளுங்க!" என முழங்கினார் ஆர்னெட்டா.

"பதவியைக் கேளும்மா, தர்றேன். இந்த இடத்தைக் கேக்காத!"

இருவரும் தோளொடு தோள் உரச, பதாகையொடு பதாகை மோத, வாக்களிக்க வரிசையில் நின்ற பேருந்து ஓட்டுநர் டெரல் சிரித்தான்.

"ஆர்னெட்டாக்கா, ஜெயிச்சா எங்க உக்காருவீங்க?"

வரிசையே சிரித்தது. அந்தப் பேரவையில் தமக்கென ஒரு குரலைக் கேளாமலே மண்ணுள் போன தாய் தந்தையர் நினைவு வேலெனத் தைக்க, வீராங்கனை வெகுண்டார்.

"உக்கார எவன்டா கேட்டான்? கதவு தெறக்கிற வரைக்கும் தட்டப் போறேன்!"

எழுந்த ஆரவாரத்தில் ஹூப்பரே தம்மை மறந்து கைதட்டினார். கைவிட்ட பதாகையைக் காற்று கவர்ந்தோட, அவரும் அதன்பின் ஓட, அரிமா குகை புகுந்ததுபோல் வெயிலுள் புகுந்தார் ஆர்னெட்டா. அன்றிரவு வாக்குகளும் அவர் பக்கமே சாய்ந்தன.

தைலம் பூசிய கூந்தலும் செந்நிறத் தொப்பியும் ஒளிர, ஜனவரிப் பனி கிழித்து, வெண்குவிமாடப் பேரவை வாயிலில் வெற்றித் திருமகளென நின்றார். காவலர் தடுத்தார்.

"யாரும்மா நீங்க?"

"மக்கள் பிரதிநிதி!"

"எந்த ஊருக்கு?"

"இதே ஊருக்குத்தான்யா!"

"அப்படியா? பார்வையாளர் வரிசை அந்தப் பக்கம்மா."

ஆர்னெட்டா அங்கே போய் வரிசையில் நின்றார்.