ரோபோவுக்கு நன்றி சொல்லப் போனேன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் இருமல் போனிலேயே கேட்கிறது.

என் நெஞ்சிலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். உன் எக்ஸ்ரே படத்திலும் அதே நிழல் தெரிந்தும், கத்திக்குப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாய். கத்தியே இல்லையடா, ரோபோ! விலா எலும்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கையை உள்ளே விட்டு வேலையை முடித்துவிடும், வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். "அப்ப நீங்க எதுக்கு டாக்டர்?" என்றேன். "அதை ஓட்டுறதே நான்தான்" என்றார். எங்கிருந்து என்று கேள். அறையின் மூலையில், ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு! அறுப்பவர் மூலையில், அறுபடுபவன் மேஜையில், நடுவே ஒரு இயந்திரம். ஏதாவது ஆகிவிட்டால் யார் சட்டையைப் பிடிப்பது? நாம் மூட்டை தூக்கிய சிமெண்டு கிடங்கிலும் முதலாளி இப்படித்தானே கண்ணாடி அறையை விட்டு வெளியே வரமாட்டார். மயக்க ஊசிக்கு முன்னால் பார்த்தேன், ரோபோவின் ஒவ்வொரு கைக்கும் புத்தம்புது பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். நம் மூக்கை மூட ஒரு கிழிசல் துணி கொடுத்தானா அந்த முதலாளி?

விழித்ததும், ரோபோவுக்கு நன்றி சொல்ல வேண்டும், கூட்டிப் போங்கள் என்று எழுந்தேன். "பேசாம படுங்க பெரியவரே" என்று நர்சு அதட்டினாள். ஒன்றுதான் குழப்பம். சின்ன ஓட்டை என்றார்கள். கட்டோ முதுகிலிருந்து மார்பு வரை ஓடுகிறது. இருமினால் உயிர் போய்த் திரும்புகிறது. உன் அண்ணியைக் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள்.

ஆகவே பயப்படாமல் புறப்பட்டு வா. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: டாக்டர் இப்போதுதான் வந்து போனார். "ரோபோ உள்ள போச்சு. ஆனா நுரையீரல் விலாவோட ஒட்டிக் கிடந்துச்சு. பழைய நிமோனியா, வருஷக்கணக்கா தூசி. ரோபோ எல்லாத்தையும் பெருசா காட்டும், ஆனா எவ்வளவு இறுகிக் கிடக்குன்னு என் விரலுக்குச் சொல்லாது. அதான் திறந்து கையாலேயே எடுத்தேன். அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேனே!" என்றார். உன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். "தெரிஞ்சா நீங்க தம்பிக்கு இப்படி எழுதுவீங்களா? அவர்தான் வருவாரா?" என்கிறாள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் எழுதினாலும் வலிக்கிறது. மேலே ரோபோ என்று வரும் இடத்தில் எல்லாம் கத்தி என்று படித்துக்கொள். நீயும் அதே தூசியைத்தான் தின்றாய், உனக்கும் ஒட்டியிருந்தாலும் இருக்கும். கட்டி போய்விட்டது என்று எழுதினேனே, அது மட்டும் பொய்யில்லை. வாடா.